தந்தி அப்பாவின் சேர்ட் பையில் இருந்தது

பெரியப்பா இறந்த செய்தி ஒரு பின்னேரம் தந்தியாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வவுனியா நகரத்துக்கு நாலைந்து மைல் கட்டை தள்ளி இருந்த எங்கள் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராக நின்ற காலம் அது. வவுனியாவை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டிய பாஸ் முறை பின்னாளில் இறுகியதுபோல அப்போது இறுகியிருக்கவில்லை.

வாசித்துச் சொன்னேன். "ஒங்க அண்ணன் தவறிட்டாருப்பா. அடக்கம் நாளைக்கு நாலு மணிக்கு."

அப்பா தந்தியை வாங்கி, எழுத்துத் தெரிந்தவர் போல உற்றுப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சேர்ட் பையில் வைத்தார்.

"மொத பஸ்ஸப் புடிச்சா ரெண்டு மணிக்கெல்லாம் போயிரலாம். வாய்க்கரிசி போட்டுருவேன்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அண்ணனின் முகத்தைப் பார்த்து, வாயில் ஒரு பிடி அரிசி போடவேண்டும். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தாய் தகப்பனை இழந்த அப்பாவை வளர்த்தெடுத்தவர் பெரியப்பா. எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பா கைக்குழந்தையான என்னோடு வன்னிக்கு வந்தார். பெரியப்பா தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். அதன் பிறகு இருவரும் சந்தித்தது மூன்று முறையோ நாலு முறையோ.

எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டைகளைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அப்பாவின் அட்டை தோட்டத்தில் எடுத்தது. அதில் சிங்களம் மட்டும்தான். என் அட்டை வவுனியாவில் எடுத்தது. அதில் சிங்களமும் தமிழும் இருந்தன. தமிழ் எழுத்து இருந்தால் வடக்கு கிழக்கு ஆள், இல்லாவிட்டால் தெற்கு ஆள் என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிற ஒரு விநாடியிலேயே பொலிஸ்காரனுக்குத் தெரிந்துவிடும்.

நான் அட்டை எடுக்கப் போனபோது அப்பா சொன்னார், "பெரியப்பா வெலாசத்துல எடுத்துக்கடா. பின்னால ஒதவும்." நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். வீட்டில் "ஆமா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியதும் "ஓம்" என்று மாற்றிப் பேசிப் பழகியவன் நான். நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று அரசாங்கமே எழுதித் தந்த ஒரு கடதாசி எனக்கு வேண்டியிருந்தது. அது கையில் கிடைத்த அன்று என் பெயரைத் தமிழில் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அன்றிரவு அம்மா கேட்டா, "இவன் போகாட்டித்தான் என்ன? இவன் அட்டையப் பாத்தாலே எறக்கிருவானுங்களே."

நான்தான் பிடிவாதமாக நின்றேன். பெரியப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நான் போகாமல் இருப்பது முறையில்லை என்றேன். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். "நீ முன்னால ஒக்காரு. நான் பின்னால ஒக்கார்றேன். ஒன்னய நிறுத்தி வச்சானுங்கன்னா நான் போயிர்றேன். நீ அடுத்த பஸ்ஸுல வந்துரு. யாராச்சும் கேட்டா நமக்குள்ள பழக்கமில்ல."

எங்களைப் போன்ற குடும்பங்களில் இது புதிய ஏற்பாடு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விதமான அட்டை இருந்தால் இப்படித்தான் பயணம் செய்வார்கள். நானும் சரி என்றேன். சேர்ட் பையில் இருந்த தந்தியைப் பற்றி இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நகரத்துக்குத் தெற்கே சோதனைச் சாவடியில் கண்டி பஸ் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. தமிழ் அட்டைக்காரர்கள் தாமாகவே எழும்பிப் பைகளோடு இறங்கினார்கள். சிங்களச் சனம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு சிங்களத் தாய் மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தடவியபடி எங்களைப் பாராமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

இறங்கும்போது நான் ஒரு பிழை விட்டேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

பஸ்ஸுக்குள் ஏறிய பொலிஸ்காரன் அதைக் கண்டுவிட்டான். அப்பாவின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான், "அந்தப் பொடியன் உன்னோடு வந்தவனா?"

"இல்ல மாத்தயா. தெரியாது" என்றார் அப்பா. தோட்டத்துச் சிங்களம், பிசிறில்லாமல் வந்தது. பொலிஸ்காரன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கீழே தகர மறைப்புக்குள் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் காலில் நீளமான தழும்போடு ஒரு பெடியன் நின்றான். இவனைச் சந்தேகப்பட்டால் நியாயம், என்னை ஏன் என்று மனதுக்குள் நினைத்து, அவனிடமிருந்து ஓரடி தள்ளி நின்றேன். அவனை இரண்டு நிமிசத்தில் விட்டுவிட்டார்கள். அந்த ஓரடியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன் நடுத்தர வயதுக்காரர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர்.

"எங்க போறது?"

"பெரியப்பான்ட செத்த வீட்டுக்கு. மாத்தளைப் பக்கம்."

"வவுனியா ஆளுக்கு மாத்தளையில பெரியப்பா? தனியா போறது?"

"ஓம்."

"காயிதம் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. தந்தி பஸ்ஸுக்குள், அப்பாவின் பையில் இருந்தது. அவரைக் காட்டினால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். காட்டாவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை.

"இல்லை" என்றேன்.

"செத்த வீடு சொல்றது, காயிதம் இல்ல. பேக்கில புது வெள்ளைச் சேர்ட். கல்யாணம் பேச போறதா?" என்று சிரித்தார் சார்ஜன். பக்கத்தில் நின்றவனும் சிரித்தான்.

மற்றவர்கள் ஏறியதும் பஸ் புறப்பட்டது. பின்கண்ணாடியில் அப்பாவின் தலை தெரிந்தது. அது திரும்பவில்லை. ஏற்பாட்டின்படியே செய்கிறார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். உயர்தரத்துக்கு நான் அரசறிவியல் படித்தவன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதையும், இனத்தையோ மொழியையோ வைத்து ஆளுக்காள் வேறுபாடு காட்டக்கூடாது என்பதையும் பரீட்சைப் புள்ளிகளுக்காகப் பாடமாக்கியிருந்தேன். அவசரகாலத்தில் அந்த உரிமைகளை மட்டுப்படுத்தலாம் என்று அடுத்த பக்கத்தில் இருந்ததையும் பாடமாக்கியிருந்தேன். இரண்டும் ஒரே புத்தகத்தில் எப்படி இருக்கலாம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாங்கில் இருந்தபோதுதான் தோன்றியது.

துணிந்து சார்ஜனிடம் கேட்டேன். "பஸ்ஸில எல்லாரும் இருந்தவைதானே. ஏன் சேர் எங்களை மட்டும் இறக்குறீங்கள்?"

அவர் கோபப்படவில்லை. "நீ படிச்ச ஆளா?"

"பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன்."

"அப்ப மாஸ்டர், நீயே சொல்லு. குண்டு வைக்கிறது யாரு? பஸ்ஸில இருக்கிற பிள்ளைக்காரப் பொம்பளையா? எல்லாரையும் எறக்கினா பஸ் நாளைக்குத்தான் போகும். நெத்தியில எழுதி இருந்தா நான் ஒன்னய எறக்க மாட்டேன். எழுதி இல்ல. அதுதான் அட்டைய பாக்கிறது." பிறகு, "என் கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் பஸ்ஸில செத்தது. எனக்கும் வீட்டில பிள்ளைங்க இருக்கு" என்றார். குடிக்கத் தண்ணீரும் தரச் சொன்னார்.

அவருடைய பயம் பொய்யில்லை. அது எனக்கு விளங்கியது.

பத்தரை இருக்கும், செங்கல் லொறி ஒன்று வந்து நின்றது. அதில் இருந்து அப்பா இறங்கினார்.

மதவாச்சியில் பஸ் ரிக்கற்றைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது தந்தி தட்டுப்பட்டிருக்கிறது. உடனே மணியை அடித்து இறங்கி, வந்த வழியே திரும்பியிருக்கிறார். நேராக மேசைக்கு வந்து தந்தியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாத்தயா, இது என் மகன்."

சார்ஜன் தந்தியை வாசித்தார். பஸ்ஸுக்குள் ஏறிய பொலிஸ்காரனைக் கூப்பிட்டார். அவன் அப்பாவைக் கண்டதும் ஆளை அறிந்துகொண்டான்.

"காலையில தெரியாது சொன்னது?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா மாஸ்டர்? ஒங்க ஆளு பொய் சொல்றது. அதுக்குத்தான் எறக்கிறது."

அதற்கு மறுமொழி அன்று என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது. எல்லோரையும் இறக்கியிருந்தால் அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். தந்தியைக் காட்டிப் பத்து நிமிசத்தில் போயிருப்போம். ஆளைப் பார்த்துப் பிரித்ததால்தான் நாங்கள் பிரிந்து இருந்தோம். பிரிந்து இருந்ததால் பொய் சொன்னோம். அந்தப் பொய்யைக் காட்டித்தான் பிரித்தது சரி என்று அவர் சொன்னார். நான் படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு வசனமும் இல்லை.

அதன் பிறகு தந்திக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. சந்தேகம் என்னை விட்டு அப்பாவின் மேல் தாவியது. சிங்கள அட்டையை வைத்துக்கொண்டு வவுனியாவில் என்ன வேலை, உண்மையான வீடு எது, மகன் என்று வேறு யாரை முன்பு கூட்டிப்போயிருக்கிறாய் என்று கேட்டார்கள். எங்கள் பகுதிப் பொலிசுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை இருங்கள் என்றார்கள்.

சுவரில் ஒரு மணிக்கூடு இருந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நேரம் பார்க்கத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு, "இப்பப் போனாக்கூட..." என்று தொடங்கி நிறுத்தினார். இரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு எழும்பி நின்றார்.

"இரி" என்றான் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன். அப்பாவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தத் தகரச் சுவரைப் பார்த்தபடி நின்றார். பொலிஸ்காரன் மறுபடி வாயெடுக்க, சார்ஜன் மேசையில் இருந்தபடியே கையைக் காட்டி நிறுத்தினார். மணிக்கூட்டைப் பார்த்தார், தந்தியை இன்னொருமுறை எடுத்து வாசித்தார், கவிழ்த்து வைத்தார். நானும் எழும்பி நின்றேன்.

ஐந்து மணிக்குப் பதில் வந்தது. சார்ஜன் தானே வீதிக்கு வந்து ஒரு பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். "இவங்களுக்கு சீட் குடு" என்று கொண்டக்டரிடம் சொன்னார்.

தம்புள்ளை பஸ் நிலையத்தில் கிடந்துவிட்டு மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனோம். பெரியம்மா லயத்து வாசலில் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தா. "அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தோமே கொழுந்தனாரே! தம்பி வந்துரும், தம்பி வந்துரும்னு எல்லாரையும் காக்க வச்சேனே! மழ வந்திருச்சே..."

பெரியம்மாவின் மருமகன் கேட்டார், "ஏன் மாமா, ஒங்க கார்டுக்கு எவனும் நிறுத்த மாட்டானே. தனியா வந்திருக்கக் கூடாதா?"

"பஸ்ஸு கெடைக்கல" என்றார் அப்பா.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன்.

மழையில் மண் இறங்கிக் கிடந்த குழிமேட்டில் கும்பிட்டுவிட்டு, குளிக்க ஆற்றுக்குப் போனோம். எங்கள் இருவரையும் தவிர அங்கே யாரும் இல்லை. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார், முழுகவில்லை.

"என்னய மன்னிச்சிருங்கப்பா" என்றேன். "நான் வந்திருக்கக்கூடாது. அட்டையும் நீங்க சொன்ன மாதிரி எடுத்திருக்கணும்."

"அது இல்லடா" என்றார். "அண்ணன் மொகத்தப் பாக்கல. அது பெரிய கவலதான். ஆனா ராத்திரி பூரா எனக்கு அந்த நெனப்பு வரல."

தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"ஒன்னயத் தெரியுமான்னு அவன் கேட்டான் பாரு. நான் பயந்து, யோசிச்சு, தடுமாறிச் சொல்லியிருக்கணும். கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன்டா, தெரியாதுன்னு. அது எப்பிடி என் வாயில அவ்வளவு லேசா வந்துச்சு?"

நான் பக்கத்தில் இறங்கி நின்றேன். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு முழுகினார். நெடுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆற்றுத் தண்ணீர் என்றார்.