டைமிங் செயினும் வலது காதும்

ராஜகீழ்ப்பாக்கத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் கண்ணாடி தோளை உரசிக்கொண்டு போன பிறகுதான் அது பஸ் என்றே தெரிந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி திட்டினான். வாய் அசைந்தது, சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது. சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போனேன். அங்கே நடந்தால் இடது காது ரோட்டைப் பார்த்திருக்கும், வண்டிகளும் முகத்துக்கு நேராக வரும்.

வலது காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்து, துணி விறைத்திருந்தது. கீழுதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று நாக்கு பட்டால் ஆடியது. இடுப்பில் மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தேன். நான் வேலை செய்த பட்டறையில் என் சொந்தச் சாமான் அது ஒன்றுதான். முகத்தில் ரத்தமும் இடுப்பில் இரும்புமாக வருகிறவனுக்கு எந்த ஷேர் ஆட்டோவும் நிற்கவில்லை. நான் ஓட்டியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அடி எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓசூர், வேலூர், விழுப்புரம் என்று பட்டறை பட்டறையாகத் திரிந்தவன் நான். என்னைப் பயமுறுத்தியது காது. இடது காதில் சின்ன வயதில் சீழ் வைத்து அது பாதிதான் கேட்கும். என் பிழைப்பு முழுக்க வலது காதில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் உள்ளே தட்டுவது டாப்பெட்டா, பிஸ்டனா, டைமிங் செயினா என்று சொல்லிவிடுவேன். எந்த ஊரிலும் அதைச் செய்து காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அந்தக் காது போனால் பஞ்சர் ஒட்டலாம், வண்டி கழுவலாம். அவ்வளவுதான்.

அன்று மதியம் நடந்தது இது.

ராஜகீழ்ப்பாக்கம் பட்டறை முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கஸ்டமர் சண்டைக்கு வந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் என்னை அடித்துவிடுவார். உள்ளங்கையைக் குழித்துப் பிடரியில் ஒன்று. சத்தம் பெரிதாக வரும், வலி இருக்காது. நான் தலையைக் குனிந்து "தப்பு சார்" என்பேன். வந்தவர் சூடு இறங்கி, "உடுப்பா, பாவம்" என்பார். அவர் போனதும் அண்ணன் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தருவார். "நல்லா நடிச்சடா." இதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பல பட்டறைகளில் உள்ளதுதான். மற்ற இடங்களில் பஜ்ஜி கிடையாது.

அன்று வந்தவர் பக்கத்துக் கிராமத்துப் பழைய குடும்பம். வயலை மனை போட்டு விற்று, இப்போது காம்ப்ளக்ஸ் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அப்பா ஓட்டிய பழைய பைக்கை விடாமல் வைத்திருந்தார். புது வண்டிகளில், எஞ்சினுக்குள் வால்வுகளை ஓட்டுகிற டைமிங் செயின் தளர்ந்தால் டென்ஷனர் தானே இழுத்துக்கொள்ளும். அந்த வண்டியில் நாம்தான் வைக்க வேண்டும். சிலிண்டருக்குப் பின்னால் ஒரு போல்ட், அதன்மேல் ஒரு லாக் நட். போல்ட்டை உள்ளே திருகினால் செயின் இறுகும். கடகட சத்தம் அடங்கியதும் ஒரு பொட்டு பின்னால் திருப்பி, லேசாகச் சத்தம் வரும் இடத்தில் நட்டைப் பூட்ட வேண்டும். சுத்தமாகச் சத்தம் இல்லாவிட்டால் செயினுக்கு மூச்சு இல்லை, என்றைக்காவது அறுந்துவிடும் என்று அர்த்தம்.

போன தடவை நான் லேசாகச் சத்தம் வரும்படிதான் வைத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா மேஸ்திரி, இன்னும் லொட லொடன்னு கீது?"

"இதோ சார்" என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு, ஸ்பேனரை வாங்கி, சத்தம் முழுதாக நிற்கும் வரை திருகினார். "பாத்தீங்களா, சைக்கிள் மாறி!" அவர் சந்தோஷமாகப் போனார்.

அந்த வண்டி இப்போது குட்டியானை லோடு வண்டியில் ஏறி வந்தது. அவர் பின்னாலேயே இறங்கினார், இடது கையில் மாவுக்கட்டு. செம்பாக்கம் ஏரி வளைவில் செயின் அறுந்து, எஞ்சின் பூட்டிக்கொண்டு, பின்சக்கரம் இழுத்து அவரைத் தூக்கி அடித்திருக்கிறது. அறுந்த செயினை வேறு யாரிடமோ கொடுத்துக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அண்ணன் வழக்கப்படி பிடரியில் ஒன்று வைத்தார். நானும் குனிந்தேன்.

"இது அடியா?" என்றார் அவர். "தடவிக் குடுக்குற. இன்னா, கொழந்தைய தூங்க வைக்கிறியா? நான் செத்திருப்பன்யா! போடு நல்லா!"

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அண்ணனுக்கு உறைத்திருக்க வேண்டும். மறுபடி அடித்தார். கை குழிந்தபடியே வந்து பிடரிக்குப் பதிலாக வலது காதை மூடி விழுந்தது. உள்ளே துணி கிழிவது போல ஒன்று கிழிந்தது. பிறகு விசில். தரை சாய்ந்தது. நான் நிமிர்வதற்குள் கஸ்டமர் அறுந்த செயினைச் சுழற்றி முகத்தில் வீசினார். உதடு அதில்தான் போனது.

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "நான் இறுக்கலை சார். இறுக்குனது அண்ணன்தான். நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்தீங்களே."

அவர் அண்ணனைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அண்ணன் அடித்தது கஸ்டமருக்காக அல்ல. வயிற்றில் உதைத்தார். விழுந்த என் முடியைப் பிடித்துத் தலையை நின்றிருந்த வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் மோதினார். "என் எடத்துல நின்னுகினு என்னியே காட்டிக் குடுக்குறியா? சோறு துன்ற வாய்டா அது!" மூன்றாவது தடவை மோதுவதற்குள் அவருடைய முன்கை என் வாய்க்கு நேராக வந்தது. கடித்தேன். தோல் விடும் வரை விடவில்லை. பல் ஆடியது அப்போதுதான். அவர் கையை உதறியபோது தரையில் கிடந்த டி-ஸ்பேனர் என் கையில் சிக்கியது. முழங்காலில் அடித்தேன். எலும்பின் சத்தம் இடது காதிலேயே கேட்டது. அவர் உட்கார்ந்தார், எழவில்லை. இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினேன்.

"டேய், டேய், போதும்பா!" என்று கத்தியவர் கஸ்டமர்தான். மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குட்டியானைக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். "நான் சும்மா ரெண்டு தட்டத்தான் சொன்னன். நீங்க இன்னாடான்னா!"

ஸ்பேனர் அண்ணனுடையது. அதைக் கீழே போட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அஸ்தினாபுரத்தில் ஒரு மருந்துக்கடை. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட அக்கா ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்துப் பயப்படாதவர் அன்று அவர் மட்டும்தான். போன் டார்ச்சை அடித்துக் காதுக்குள் பார்த்தார்.

"யாருப்பா அடிச்சது?"

"வேலை செஞ்ச எடத்துலக்கா."

"கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையா?"

"நானும் அடிச்சிட்டேன்."

"ரொம்ப நல்லது" என்றார், எரிச்சலோடு. பஞ்சை வைத்து ஒட்டினார். "உள்ளே கிழிஞ்சிருக்கிற மாதிரி தெரியுது. தண்ணி படக்கூடாது. டாக்டர்ட்ட காட்டுங்க. நிறைய பேருக்குத் தானா மூடிக்கும். சில பேருக்கு மூடாது."

நான் எந்த வகை என்று அவரிடம் கேட்க முடியாது. இரவு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்ப் படுத்தேன். காதுக்குள் விசில் மட்டும் நிற்கவில்லை.

காலையில் பல்லாவரம், பம்மல் வழியாக அனகாபுத்தூர் போனேன். ஆற்றோரச் சந்தில் ஒரு பட்டறைக்கு ஆள் வேண்டும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் போடுகிற பையன் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளத் தண்ணீரின் கறை. முதலாளி ஒரு அக்கா. புடவைமேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி இன்னா இப்டி கீது? லாரி கீழ வுழுந்தியா?"

"வேலை கேட்டு வந்தேன்கா."

"இன்னா தெரியும்?"

"சத்தம் கேட்டுச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் ஒரு பால்காரரின் பழைய வண்டியை ஸ்டார்ட் செய்தார். அதே மாதிரி வண்டி, அதே பின்பக்கப் போல்ட். எஞ்சின் கடகடத்தது.

முனையை ஊன்றிப் பிடியைப் பஞ்சுக்குமேல் வலது காதில் வைத்தேன். விசில்தான் கேட்டது. இடது காதில் வைத்தேன். எல்லாச் சத்தமும் ஒரே குழம்பாக வந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போனால் எழுந்து போகச் சொல்வார்கள்.

குனிந்து பிடியைப் பல்லில் கடித்தேன். ஆடுகிற பல்லில் வலி மண்டை வரை ஏறியது. அந்த வலியோடு சத்தமும் ஏறியது. காது வழியாக இல்லை, தாடை வழியாக. டாப்பெட்டின் டிக் டிக் தனியாக, அதற்குக் கீழே தளர்ந்த செயின் எஞ்சினின் உள்சுவரில் அடிக்கிற கடகட தனியாக.

"இன்னாடா, ஸ்க்ரூ டிரைவர துன்ற? இட்லி வாங்கித் தரவா?"

"டைமிங் செயின்கா" என்றேன், பிடியை எடுத்துவிட்டு. மரத்தில் ரத்தம் பட்டிருந்தது. "டாப்பெட் நல்லா இருக்கு. தொட வேணாம்."

அவர் ஸ்பேனரை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்கா. கஸ்டமர் சண்டைக்கு வந்தா எங்களை அடிப்பீங்களா?"

"எனுக்குக் கை வலிக்கும்பா. வாயாலயே கிழிப்பேன்."

வாங்கிக்கொண்டேன். லாக் நட்டைத் தளர்த்தி, பிடியை மறுபடி கடித்துக்கொண்டு, போல்ட்டை மெல்ல உள்ளே திருகினேன். கடகட மெலிந்தது, நின்றது. ஒரு பொட்டு பின்னால் திருப்பினேன். தாடைக்குள் லேசான சத்தம் திரும்பி வந்தது. நட்டைப் பூட்டினேன்.

"இன்னும் லைட்டா கேக்குதேபா" என்றார் பால்காரர்.

"கேக்கட்டும்ணா" என்றேன்.

அக்கா அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் ஸ்டாண்ட் போட்டார்.