கட்டைக்குப் புல்லரிக்கும்

"...அப்ப நானே இழுத்துப் பாக்குறேன். அதுல என்ன வெக்கம் வேண்டிக்கெடக்கு?" என்றார் மதினி. கையில் புகை பிடிக்கும் மரப் பைப் ஒன்று. எதிரே, அதை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்தபடி, குமுளியிலிருந்து வந்திருந்த கடைக்காரர். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்போது சின்னமனூரில் எங்களுக்கு ஒரு மரக் கடைசல் பட்டறை. அண்ணனும் நானும் மெசினில் கடைவோம். தேய்த்து மெருகேற்றுவது மதினி. குங்குமச் சிமிழும் பூரிக்கட்டையும்தான் பிழைப்பு. குமுளிக்காரர்தான் மாதிரிப் பைப் ஒன்றைக் காட்டி, சுற்றுலா வருகிறவர்கள் கேட்கிறார்கள், செய்ய முடியுமா என்றார். மேகமலைத் தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட காப்பிச்செடியின் வேர்க்கட்டையை வாங்கிவந்து செய்தோம். முதல் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. பற்றவைத்தவர்களெல்லாம் துப்பினார்களாம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்: புகையிலை வைக்கும் குழிக்குள்ளும் வார்னிஷ் பூசியிருந்தோம். சிமிழென்றால் உள்ளும் புறமும் பளபளக்க வேண்டாமா? அந்தப் பழக்கத்தில், குறை வைக்கக் கூடாதென்று, மதினி விரலில் துணி சுற்றி உள்ளே நன்றாகவே பூசியிருந்தார்!

அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. மெசினை விற்றுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன் என்றார். "மாசத்துக்கு ஒருக்க வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போற புருசன் எனக்கு வேணாம். இன்னொரு பெட்டி செஞ்சு பாப்போம். அதுவும் திரும்பி வந்தா வித்துக்கோங்க" என்றார் மதினி. அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டிக்கு மதினி உழைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் உப்புத்தாள், பிறகு ஈரத்துணி. ஈரம் பட்டதும், அதுவரை வழுவழுவென்றிருந்த கட்டையில் பொடி நார்கள் ரோமம்போல் எழும்பும். "பாத்தீகளா தம்பி, கட்டைக்குப் புல்லரிக்குது. இப்பத் தேச்சாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். காயவிட்டுத் தேய்ப்பார், திரும்ப ஈரம் காட்டுவார். புல்லரிப்பு அடங்கும்வரை விடமாட்டார். வெளியே தேன்மெழுகு மட்டும். உள்ளே வெறுங்கட்டை, யாரும் பார்க்கப்போகாத அந்த வெறுங்கட்டைக்குத்தான் அதிக நேரம் செலவானது. புகை வரும் துளைக்குள் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்து, துளி மரத்தூள் ஒட்டி வந்தாலும், "தொண்டையில சளி கெடக்கு" என்று ஊதி ஊதி எடுப்பார். அண்ணன் அவசரப்படுத்தினால், "ஏங்க, புள்ளைக்குப் பாதித் தலையச் சீவிட்டுப் பள்ளிக்கொடம் அனுப்புவீகளா?" என்று ஒரே கேள்வி.

இப்போது நான் அல்லிநகரத்தில் கட்டில், பீரோ செய்யும் இடத்தில் மெருகு வேலை பார்க்கிறேன். ஸ்பிரே அடித்தால் நொடியில் பளபளப்பு வந்துவிடும். ஆனாலும் அதற்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு தடவை தொட்டுப் பார்க்காவிட்டால் என் கை கேட்பதில்லை. கூட வேலை பார்க்கும் பையன்களே, "புல்லரிச்சு முடிஞ்சுதாண்ணே? ஸ்பிரே அடிக்கலாமா?" என்று கேலியாகக் கேட்கிறார்கள். கேட்கட்டுமே! கேலியோடு வேலையும் அவர்களைத் தொற்றிக்கொள்கிறது.

அன்றைக்குக் குமுளிக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்து, அழகாகத்தான் இருக்கிறது என்று தன் மலையாளத் தமிழில் ஒத்துக்கொண்டார். "பாக்கக் கொள்ளாம் சேச்சி. பட்சே தீ வச்சா? இன்னொரு தடவ நாறுச்சுன்னா பின்ன இந்த யாவாரமே வேண்டாம்." யாராவது பற்றவைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. எங்களில் புகைப்பவர் என் அய்யா மட்டும்தான். "யாத்தே, அந்தக் கருமத்த நான் வாயில வைக்கமாட்டேன்" என்றார், காதில் பீடியைச் செருகிக்கொண்டு. அப்போதுதான் மதினி அந்தப் பைப்பை வாங்கிக்கொண்டு, தானே இழுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்ன கையோடு, "மாமா, அந்தப் பீடியக் குடுங்க" என்றார். அய்யா சுவரைப் பார்த்துக்கொண்டே மருமகளிடம் நீட்டினார். மதினி பீடியைப் பிரித்து, தூளைக் குழிக்குள் அமுக்கி, பற்றவைத்து இழுத்தார். இருமலில் கண்ணீர் முட்டியது. "பீடி நாத்தந்தான் வருது. கட்டை வாயத் தொறக்கல" என்றார்.

கடைக்காரர் குனிந்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்து, "மதி சேச்சி, போதும். பெட்டியக் கட்டுங்க" என்றார்.

"மேல கெடந்த ஒண்ண நம்பி எப்படிக் கட்டுறது?" என்ற மதினி, பெட்டியின் அடிவரை கைவிட்டு வேறொரு பைப்பை உருவி எடுத்து, இன்னொரு பீடிக்காக மாமனாரிடம் கையை நீட்டினார்.