கேள்வி நோட்டில் நான் எழுதிய ஒரு வரி

எண்பதுகளின் தொடக்கத்தில், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் போடியில் ஒரு டுட்டோரியலில் சேர்ந்தேன். மீசை முளைத்த பிறகு எட்டாம் வகுப்பு! ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலையை விட்டு மேலே போக அந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கீழே வருவார்கள். காய் எடுக்கும் காலத்தில் அதுவும் கிடையாது.

அதற்காக வாத்தியார் பெரிய நோட்டு ஒன்று வாங்கிப் போட்டார். சந்தேகம் இருப்பவர் அதில் கேள்வி எழுத வேண்டும். தெரிந்தவர் யாராக இருந்தாலும் கீழே பதில் எழுதலாம். கேட்க ஒன்றும் இல்லாதவர் 'பார்த்தேன்' என்று எழுதித் தள்ளிவிட வேண்டும். திங்கட்கிழமை ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் நோட்டு போடிமெட்டுக்கு ஏறும். வியாழக்கிழமை ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே இறங்கும். நோட்டைத் திறந்தாலே பாயச வாசம் அடிக்கும்.

மலையிலிருந்து எழுதியவர்களில் ஒரு பெண்ணுக்கு இரைப்பு நோய். எட்டாவது தேறிவிட்டால் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாகக் கங்காணி சொல்லியிருந்தார். மழையில் நனையாமல் கூரைக்குக் கீழே இருக்கலாம். இதை அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சொன்னாள். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆட்களும் நாட்களும் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் பன்னிரண்டு நாளில் முடிக்கும் வேலையை ஆறு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? இருபது நாள் என்று போட்டுக் காட்டியிருந்தேன். அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஆள் குறைந்தால் நாள் எப்படிக் கூடும்? எங்கள் தோட்டத்தில் நாலு பேர் வராவிட்டாலும் அதே நாளில்தான் முடிக்கச் சொல்கிறார்கள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் விடையையே சந்தேகப்படுகிறாளே! "காய் எடுக்கிறவளுக்குக் கணக்கு எதற்கு?" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். டவுன்காரர்கள் மூன்று பேர் அதன் கீழே 'ஹா ஹா' போட்டார்கள். வாத்தியார் அந்தக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டினார். நாங்கள் எழுதியதை அவர் அடிக்கவில்லை.

அடுத்த வியாழன் அவள் கையெழுத்தில் 'பார்த்தேன்' என்று மட்டும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் அதேதான். பரீட்சை வரைக்கும் வேறு எதுவும் அவள் எழுதவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது போல என்று நினைத்தோம். நான் போட்ட போட்டில்தான் ஒழுங்காகப் படிக்கிறாள் என்று எனக்குப் பெருமை வேறு.

நான் தேறிவிட்டேன். அவள் கணக்கில் தோற்றுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளிக்குத் துணி விற்க மூட்டையோடு அவள் வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். தூறலில் தலைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு காய் எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அன்றைக்கு எழுதியது தப்பு என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அத விடுங்கண்ணே," என்றாள். மூச்சு வாங்கியது. "பொறவும் கேக்க எம்புட்டோ இருந்துச்சு. எழுத உக்காந்தா உங்க எழுத்துதான் கண்ணு முன்னால வந்து நிக்கும். பார்த்தேன்னு போட்டுக் குடுத்துருவேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, ஆள் குறைந்தால் நாள் எப்படிக் கூடும் என்று அதையே கேட்டாள்.

"கணக்குல ஒரு ஆளு தன்னால ஆன வேலையத்தான் செய்வாரு, தங்கச்சி. அதுக்கு மேல அவர வெரட்டி வாங்க முடியாது."

"இம்புட்டுத்தானா," என்றாள்.

கங்காணி கூப்பிட்டார். அவள் இரைத்துக்கொண்டே செடிகளுக்குள் குனிந்துவிட்டாள். அந்தப் பதிலை எழுத ஒன்றரை வரி போதும். நோட்டில் இடமும் இருந்தது.