அக்காவின் ஸ்கூட்டியும் உப்புக் காற்றும்

வல்வெட்டித்துறையில் என் அக்காவின் வீட்டிலிருந்து கல்லெறிந்தால் கடலில் விழும். அங்கே இரும்பு என்று எதை வைத்தாலும் கறள் பிடிக்கும். அவளுடைய முதல் ஸ்கூட்டியை அந்தக் காற்று அடியிலிருந்து தின்றது. ஒருநாள் தொண்டைமானாற்றுப் பாலத்துக்குக் கிட்ட அதன் சட்டம் முறிந்து, அவள் முழங்கை உடைந்தது.

அச்சுவேலியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஸ்கூட்டி வேண்டும், அல்லது கடற்கரையை விட்டுவிட வேண்டும். உரும்பிராயில் எனக்குத் தோட்டமும் வீடும் உண்டு; பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை. அவளை அங்கே வந்திருக்கச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அத்தான் செத்துப்போன பிறகும் அந்த வீட்டை விட்டு அவள் அசையவில்லை. அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கை குணமானதும் புது ஸ்கூட்டி ஒன்றை வாங்கினாள். எனக்கு வந்த கோபத்தில், இதையும் காற்றுக்குத் தீனி போடத்தான் வாங்கினாயா என்று கேட்டேன்.

"இந்த மாரி கழியட்டும். உதிலை எங்கையாவது கறள் கண்டியெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு உன்னோடை வாறன்" என்றாள்.

அக்கா விளையாட்டுக்கும் பொய் சொல்லமாட்டாள். அதனால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

அடுத்த ஞாயிறு போனபோது முற்றத்தில் பழைய படுக்கை விரிப்புகளைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தாள். கொரோனாக் காலத்து முகக்கவசம் போட்டிருந்தாள். கையில், கறள் பிடிக்காமல் இரும்பின் மேல் கண்ணாடி போலப் படியும் பூச்சு அடைத்த ஸ்பிரே ரின். சோளகக் காற்று ஓயட்டும் என்று நாள் கணக்காகக் காத்திருந்தாளாம். பிரேக்கையும் ரயரையும் பேப்பர் சுற்றி மூடியிருந்தாள். ஒரு பூச்சு, அது காயுமட்டும் ஒரு தேநீர், பிறகு இன்னொரு பூச்சு. நானென்றால் ரின் முழுவதையும் ஒரேயடியாக அடித்துவிட்டு எழும்பியிருப்பேன். அவளோ நிலத்தில் படுத்து, ஒவ்வொரு திருகாணியின் தலையையும் தேடித் தேடி அடித்தாள். கேலி செய்யத்தான் போனேன். ஆனால் அவள் சொன்ன பக்கமெல்லாம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாரி வந்தது. கடல் தெருவரைக்கும் தூவானம் வீசியது. ஒரு நாளும் அவள் வேலைக்குப் பிந்தவில்லை.

மழை விட்டதும் சோதிக்கப் போனேன். மல்லாக்கக் கிடந்து, போனின் வெளிச்சத்தில் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. தோற்றுவிட்டோமே என்று கவலைதான். ஆனாலும் இப்படி ஒருத்தி எனக்கு அக்காவாக வாய்த்தாளே என்று பெருமையாகவும் இருந்தது. முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

"தம்பி, உதையும் பார்" என்றாள்.

முன்பக்கத்துக் காவல் கம்பியைக் காட்டினாள். வாங்கிய அன்றே ஸ்கூட்டியைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்திருந்தாள். ஐயர் வைத்த சந்தனத்தைத் துடைக்க மனம் வராமல், அதற்கு மேலேயே ஸ்பிரேயை அடித்திருக்கிறாள். நம்மவர்களில் யார்தான் துடைப்பார்கள்? நானும் அந்த இடத்தைத் தொடாமல்தான் சோதித்திருந்தேன். அவள் நகத்தால் கீறினாள். பூச்சு பாலாடை போல உரிந்து வந்தது. ஈரம் ஊறியிருந்த சந்தனத்துக்குக் கீழே கம்பி கறள் பிடித்திருந்தது.

"சொன்னால் சொன்னதுதான். எப்ப வரவேணும்?" என்றாள்.

குரல் தளம்பவில்லை. ஆனால் கை அந்தக் கம்பியை விடவில்லை. அவள் சொல்லாதிருந்தால் எனக்குத் தெரிந்தே இராது. மாரி முழுவதும் நான் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். கேட்டபோது, கம்பியை விடாத அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"ஸ்பிரே மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டேன்.

"கிடக்கு. ஏன்?"

"எடுத்துக்கொண்டு வா, அக்கா. நான் ஒரு கறளும் காணேல்லை."