ஓய் என்றால் போதும்

எங்கள் ஊரில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. நடுவில் ஒரு சாமைக் கொல்லையோ ஓடையோ கிடக்கும். அதனால் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்போம். அங்கிருந்து "ஓய்" என்று வரும். வந்தால் நம் வேலையைப் பார்க்கலாம். வராவிட்டால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, போய் எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வழக்கம். நலம் விசாரிப்பெல்லாம் அதில் கிடையாது.

இந்த வழக்கத்தை என் மனைவி வேலூர் வரைக்கும் நீட்டினாள்.

வேலூரில் என் அண்ணன் தனியாக இருந்தார். அரசாங்க வேலைக்கென்று மலையிறங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் ஏறவில்லை. அண்ணி தவறிய பின் மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டான். நாங்கள் மலைக்குக் கூப்பிட்டோம். மனுஷன் அசையவில்லை. இரண்டாவது மாடியில் வீடு, காலையில் பேப்பர், சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடை, கூட்டாளிகளோடு அரசியல் சண்டை. இதையெல்லாம் விட்டுவிட்டு வர அவருக்கு என்ன தலையெழுத்து? எனக்கு அது புரிந்தது. ஆனாலும் பயமாக இருந்தது.

என் மனைவி பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் செல்போன் எடுக்காது. மேட்டுப் புளியமரத்தடியில் மட்டும்தான் சிக்னல். தினமும் விடிந்ததும் அங்கே ஏறிப்போய் அவரைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், ஊர் ஆடெல்லாம் கேட்கும்.

"இன்னாம்மா, உயிரோட கீறனான்னு பாக்கறியா?" என்று முதல் நாளே அண்ணன் எரிந்து விழுந்தார்.

"ஆமா மாமா. ஓய்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வச்சிடறேன்."

சொன்னார். வைத்துவிட்டாள். அதுவே வாடிக்கையாகிப் போனது.

ஒரு மழைக்காலத்துக் காலையில் நானும் மரத்தடியில் இருந்தேன். அண்ணன் "ஓய்" என்றார். அதோடு விடாமல், "நல்லா கீறேன்மா" என்றார். போனை வைத்த பிறகும் அவள் அங்கிருந்து நகரவில்லை.

"கெளம்புங்க, வேலூர் போலாம்."

"அதான் பதில் சொல்லிட்டாரே!"

"கேக்காமயே எதுக்கு நல்லா கீறேன்னு சொல்றாரு? என்னிக்காவது சொல்லிக் கீறாரா?"

மறுபடி போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போயிருக்கும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. சந்தேகத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அவளோடு ஷேர் ஜீப்பில் ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடி வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தேன்.

தட்டினால் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தோம். அண்ணன் கூடத்துத் தரையில் கிடந்தார். முந்தின நாள் வழுக்கி விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கையருகே சார்ஜ் தீர்ந்த போன் இருந்தது.

"போன்ல ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டபடி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "சொன்னா இந்த வூட்ட காலி பண்ணி இட்டுனு போயிடுவீங்களே."

அதற்குப் பயந்து வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. அலறியடித்துக்கொண்டு வந்த மகன், அப்பா இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்றான். அவன் கவலையில் தப்பில்லை. நானும் தலையாட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"ஒங்கப்பாவுக்கு ஒடஞ்சது இடுப்புப்பா, புத்தியில்ல. எங்க இருக்கணும்னு அவரே சொல்லட்டும்."

தன் வீட்டில்தான் என்றார் அவர். அவர் வாக்கர் பிடித்து நடக்கும்வரை அவள் கூடவே தங்கினாள். குளியலறையில் கைப்பிடி வைக்க ஆள் பிடித்தாள். சமைக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். எதிர்வீட்டு அம்மாளும் தனிக்கட்டைதான் என்று தெரிந்ததும், காலையில் குரல் கொடுக்க இருவரையும் பழக்கிவிட்டாள். இப்போது அந்த மாடியிலும் "ஓய்" கேட்கிறது. நானாக இருந்தால் அழுது தீர்த்துவிட்டு, அண்ணனை மூட்டை கட்டி ஏற்றி வந்திருப்பேன். இவளுக்கு மட்டும் இத்தனை தெளிவு எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

போன தை மாதம் அவள் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மேட்டுக்கு ஏறுவது எங்கே, எழுந்து உட்காரவே முடியவில்லை. கஷாயம் வைக்கிற அவசரத்தில் அண்ணனுக்கு அவள் தினமும் போடும் போனை நான் அடியோடு மறந்துவிட்டேன்.

மத்தியானம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் முதலில் ஒரு வாக்கரை இறக்கினார், அடுத்து அண்ணனை. எத்தனை கெஞ்சியும் மலையேறாத மனுஷன். வளைவுகளில் குலுங்கி வந்ததில் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இன்னிக்கு கொரல் வரல" என்றார் என்னிடம். "நான் போட்டாலும் லைன் போவல. அதான் வந்தேன்."

மேற்கொண்டு நான் சொல்வதைக் கேட்க அவர் நிற்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து, எங்கள் அப்பா அந்தக் காலத்தில் கொடுத்ததைப் போலவே தொண்டையைத் திறந்து ஒரு குரல் கொடுத்தார்.

உள்ளே, போர்வைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"ஓய்."