சொதிக்குப் பதில் சம்பல்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சொல்லிவைத்த புண்ணியவான் அஞ்சலீனாவின் நாய்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். அவளுடைய நாய்களுக்கு வேலை இருக்கிறது, அதுவும் பனி இறுகிய வயலில் உயிரைக் கொடுத்து ஓடுகிற வேலை. நிற்க மட்டுமல்ல, படுக்கவும் நேரம் தாராளமாக இருக்கிறது. கிழமை நாட்களில் மொன்றியலை அடுத்த லொங்குய்யில் அவள் வீட்டுச் சோபாவை முழுதாக அடைத்துக்கொண்டு, நாலு காலும் முகட்டைப் பார்க்கக் குறட்டை விடுகின்றன. வீட்டுக்காரர் தரையில் இருந்து டிவி பார்க்கிறார்.

அஞ்சலீனா திருகோணமலைக்காரி, நாற்பதைத் தாண்டியவள். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். மொன்றியலில் அவளை 'நாய் அஞ்சலீனா' என்றால்தான் தமிழருக்குத் தெரியும். ஒருநாள் தேவாலய வாசலில் ஒரு பெரியவர், "பிள்ளை, இது குதிரைக்குப் பிறந்த நாயோ?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. "இல்லை அண்ணை, கிரேஹவுண்டுக்கும் டியர்ஹவுண்டுக்கும் பிறந்தது" என்று தொடங்கியவள், கிரேஹவுண்டின் வேகம், மொன்றியல் குளிர் தாங்காத அதன் மெல்லிய தோல், ஸ்கொட்லாந்தில் மான் துரத்திய டியர்ஹவுண்டின் உயரம், அதன் சடைமயிர், அதன் மூச்சு, இரண்டையும் கலந்து எடுக்கிற இந்தச் சாதிக்கு லர்ச்சர் என்று பெயர் வந்த கதை எல்லாம் சொல்லி முடிக்க, அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஆட்டிறைச்சியால். அவளுடைய கணவர் இரவிச்சந்திரன் யாழ்ப்பாணத்தவர், புரோசார்ட்டில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். நல்ல இறைச்சி தேடி இருவரும் தெற்கே றெனோல்ட் என்ற கியூபெக்காரரின் செம்மறிப் பண்ணைக்குப் போனார்கள். கொட்டகை ஓரம் சாம்பல் நிறத்தில் கிழட்டு டியர்ஹவுண்ட் பெட்டை ஒன்று படுத்திருந்தது. வயலில் ஒரு முயல் அசைந்ததுதான் தாமதம். கிழடாவது ஒன்றாவது! எழுந்ததைக் கண்டாள், வயலின் அந்தக் கரையில் திரும்பியதைக் கண்டாள், நடுவில் நடந்தது கண்ணுக்குள் அகப்படவில்லை. அஞ்சலீனாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இறைச்சியை மறந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள். இரவிச்சந்திரன் அன்று விருந்துக்குக் கோழி வைத்துச் சமாளித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அந்த வயலில்தான். நாயைப் பிடித்து நிறுத்தவும், கையைத் தளர்த்தினால் தானே கழன்றுவிடும் பட்டியால் சரியான நேரத்தில் விடவும் றெனோல்ட் காட்டிக்கொடுத்தார். அந்தக் கிழட்டு நாய் செத்ததையும் அவளே கண்டாள். யாரோ தீனி வைத்த கையோடு அது ஓடப் போய்விட்டது. நெஞ்சு ஆழமான நாய்கள் நிறைந்த வயிற்றோடு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும். வைத்தியரிடம் கொண்டுபோக முதல் அவள் மடியில் உயிர் போனது. அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு சட்டம்: ஓட்டம் உள்ள நாளில் நாய்க்குப் பச்சைத் தண்ணீருக்கு மேல் ஒன்றும் கிடையாது.

றெனோல்டிடம் இருந்த அந்தக் கிழவியின் மகளை நல்ல கிரேஹவுண்ட் ஒன்றோடு சேர்த்து அவளே குட்டி எடுத்தாள். இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட்டாள். நாய்க்குப் பக்கத்தில் போகப் பயந்து நடுங்குகிற இரவிச்சந்திரன், பெயர் வைக்கிற உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிர்மஞ்சள் ஆணுக்குத் தேங்காய்ப்பால் குழம்பின் பெயர், சொதி. செம்பட்டைச் சடைமயிர்ப் பெட்டைக்குத் தேங்காய்த் துவையலின் பெயர், சம்பல்.

சொதிதான் அவளுடைய பெருமை. விட்டால் அம்புதான். இரையின் வாலைப் பார்த்தே ஓடுவான், வளைந்தால் வளைவான், விடமாட்டான். சம்பலோ வேறு ரகம். அண்ணன் துரத்திக் களைக்க, இவள் குறுக்கால் போய் முன்னுக்கு நிற்பாள். இந்தத் தொழிலில் இது பெரிய குறை. கள்ள ஓட்டம் ஓடுகிற நாயிடம் குட்டி எடுக்கக் கூடாது, குணம் இரத்தத்தில் இறங்கும் என்பார்கள். அஞ்சலீனாவுக்கு அவளில் உயிர்தான், ஆனாலும் சட்டம் சட்டம். சம்பலுக்குக் கருத்தடை செய்ய மிருக வைத்தியரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் எடுத்திருந்தாள்.

அதற்கு முந்திய சனிக்கிழமைதான் எல்லாம் நடந்தது.

அந்தக் குளிர்காலம் றெனோல்டின் பண்ணைக்கு ஒரு கொயோட் பழகிவிட்டது. கொயோட் என்பது நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. இது ஒரு காது கிழிந்த பெரிய ஆண். முன்பனியில் பிறந்த ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. றெனோல்டின் பொறுமை போய்விட்டது. பற்றிக் என்ற கண்ணிக்காரனைக் கூப்பிட்டார். கம்பிக் கண்ணி வைத்த வயலில் லர்ச்சர் விட முடியாது, கண் முன்னால் இரை ஓடும்போது அதற்குக் கம்பி தெரியாது, கழுத்து போய்விடும். மொன்றியலைச் சுற்றி அவளுக்கு வேறு வயல் கொடுக்க ஆளில்லை. வயல் போனால் ஓட்டம் போச்சு, ஓட்டம் போனால் குட்டி எடுப்பதில் என்ன அர்த்தம்? சோபாவுக்கு அழகாக வைத்திருக்கவா இந்தச் சாதி?

அவள் றெனோல்டிடம் கெஞ்சவில்லை, சண்டை பிடித்தாள். "என் நாய் அதைப் பிடிக்கத் தேவையில்லை. இந்த வயல் தனக்கில்லை என்று அதற்குக் காட்டினால் போதும்" என்று பிரெஞ்சில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னாள். றெனோல்ட் தாடியைச் சொறிந்தார். "சனிக்கிழமை காட்டு. முடியாவிட்டால் மத்தியானமே பற்றிக் கம்பி கட்டுவான்" என்றார்.

சனிக்கிழமை விடிந்தது. வான் வண்டியை அஞ்சலீனா ஓட்ட, பின்னால் நாய்கள். பக்கத்தில் இரவிச்சந்திரன். அவர் வந்ததே அதிசயம். "இண்டைக்கு முக்கியமான நாள், நானும் வாறன்" என்று ஒரு சாப்பாட்டுப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருந்தார். அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. பண்ணையில் இறங்கி, வழக்கம்போலச் சொதியின் விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. வயிறு உருண்டு திரண்டு இருந்தது. சொதி அவள் முகத்துக்கு நேரே ஒரு ஏப்பம் விட்டான். ஆட்டெலும்பு மணம்.

"என்னப்பா குடுத்தனீங்கள்?"

இரவிச்சந்திரன் நிலத்தைப் பார்த்தார். "ரெண்டு பிடி சோறும் கொஞ்சம் எலும்புரசமும்."

"ஐயோ! ஓட்டத்துக்கு முதல் குடுக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"சோதினைக்குப் போற பிள்ளையை வெறுவயித்தோட அனுப்பலாமோ அஞ்சு? மனம் கேக்கேல்லை. ரெண்டு கோப்பையிலயும் வைச்சனான். சம்பல் என்னைப் பாத்து ஒரு முழி முழிச்சிது, நான் பயத்தில கதவுக்குப் பின்னால போயிட்டன். அவளின்ரயையும் இவன்தான் திண்டவன்."

இந்த மனிதரை என்ன செய்வது? ஊர்ப்பட்ட சனத்துக்குச் சமைத்துப் போடுகிற கை அது. வீட்டை விட்டு எவரும் பசியோடு இறங்கக் கூடாது என்பது அவருடைய மதம். இன்றைக்கு நாய்க்கும் அதையே கடைப்பிடித்துவிட்டார். அஞ்சலீனாவுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சொதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பற்றிக் தோளில் கம்பிப் பையோடு வந்தான். விசயம் தெரிந்ததும், "கொஞ்ச நேர ஓட்டம்தானே, விட்டுப் பாரேன்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னான். றெனோல்டும் அவளைப் பார்த்தார். வயல் முழுதும் அவள் முன்னால் வெள்ளையாக விரிந்து கிடந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், சொதி ஓடுவான், வென்றும் கொடுப்பான்.

"வயல் போனால் போகட்டும். இவனை விடமாட்டேன்" என்றாள். சொதியை வான் வண்டிக்குள் ஏற்றிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

மிஞ்சியது சம்பல். தனியாக ஒருநாளும் ஓடாதவள், அண்ணன் உழைப்பில் குளிர்காய்கிறவள். அவளுக்கே அஞ்சலீனா பட்டியைப் போட்டாள்.

கொயோட் வந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து, சொந்தக் காணிக்குள் உலாவுகிற முதலாளி மாதிரி வந்தது. ஆட்களைக் கண்டதும் நின்று பார்த்துவிட்டு, மேப்பிள் காட்டை நோக்கி அவசரமில்லாமல் ஓடத் தொடங்கியது. சம்பலின் உடம்பு விறைத்தது. அஞ்சலீனா கையைத் தளர்த்தினாள்.

சம்பல் பாய்ந்தாள். கொயோட்டை நோக்கி அல்ல! இடப்பக்கம் திரும்பி, வாய்க்காலுக்குள் இறங்கி, கண்ணிலிருந்தே மறைந்துபோனாள்.

 பற்றிக் தொண்டையைச் செருமினான். றெனோல்ட் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார். அஞ்சலீனாவுக்குக் காது சூடேறியது. கள்ளி, கள்ளி என்று மனதுக்குள் திட்டினாள். இரவிச்சந்திரன் மட்டும், "பயந்திட்டுதோ பாவம்?" என்று கேட்டார். 

கொயோட் ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. காட்டு ஓரம் வேலி ஓரிடத்தில் விழுந்திருந்தது, பக்கத்தில் ஒரு கற்குவியல். அந்த உடைப்புக்குள் கொயோட் தலையை விடப்போன நேரம், கற்குவியலுக்கு மேலே செம்பட்டையாக ஒன்று எழுந்தது.

"சம்பல்!" என்று கத்தினாள் அஞ்சலீனா.

கொயோட் பனியில் சறுக்கி, ஒருக்களித்து விழுந்து, எழும்பித் திரும்பி ஓடியது. இப்போது அவசரமாக ஓடியது! பின்னால் சம்பல். அம்மாடி, அது என்ன ஓட்டம்! காட்டுப் பக்கம் ஒடித்தால் அவள் அங்கே இருந்தாள். வாய்க்காலுக்குத் திரும்பினால் அவள் அங்கேயும் இருந்தாள். அதன் வாலைப் பார்த்து ஓடவில்லை அவள், அது போக நினைத்த இடத்தைப் பார்த்து ஓடினாள். பனி தூளாகப் பறந்தது. பற்றிக் கம்பிப் பையை நிலத்தில் போட்டுவிட்டு, "போ, போ, போ!" என்று பிரெஞ்சில் கத்தினான். றெனோல்ட் கிழவர் துள்ளினார். இரவிச்சந்திரன் சாப்பாட்டுப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விடாத பிள்ளை, விடாத!" என்று நடு வயலுக்கே ஓடிவிட்டார். கொயோட் வயலைத் தாண்டி, உறைந்த ஆற்றைத் தாண்டி, அக்கரை நாணலுக்குள் விழுந்தடித்துப் புகுந்தது. சம்பல் ஆற்றங்கரையில் நின்று, இனி இந்தப் பக்கம் வந்துபார் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அஞ்சலீனா முழங்காலில் இருந்து அவளை அணைத்துக்கொண்டாள். நாயின் நெஞ்சு அடித்ததா, தன் நெஞ்சு அடித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் கண்ணீர் குளிர்ந்தது. "உன்னைப் போய்க் கள்ளி எண்டனே" என்று அதன் காதுக்குள் சொன்னாள்.

பற்றிக் கற்குவியலுக்கு நடந்து போனான். குனிந்து, சிவப்பு நாடா கட்டிய ஒரு தடியைப் பனிக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"முதல் கண்ணி வைக்க நான் அடையாளம் போட்ட இடம் இது" என்றான். "ஒரு கிழமை கொயோட்டின் அடிச்சுவடு பார்த்துக் கண்டுபிடித்தேன். இவள் நேரே இதே இடத்தில் போய் நின்றுவிட்டாள்."

தடியை முழங்காலில் வைத்து முறித்தான்.

"வயல் உன்னுடையது, அஞ்சலீனா" என்றார் றெனோல்ட். "அந்தக் காது கிழிந்தவன் திரும்பி வந்தால் இவளையும் கூட்டிக்கொண்டு நீயும் வா."

பற்றிக் சம்பலின் தலையைத் தடவினான். "இவள் குட்டி போட்டால் எனக்கு ஒன்று வேண்டும். இந்தத் தலை உள்ளதாகப் பார்த்துத் தா."

அஞ்சலீனாவுக்கு அப்போதுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, அந்த இடத்திலேயே மிருக வைத்தியரின் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அந்த நேரம் வேண்டாம் என்றாள். பொன்ஜூர் சொன்ன பெண், வேறு திகதி வேண்டுமா என்று கேட்டாள். "வேண்டாம், ஒரு திகதியும் வேண்டாம். இவள் குட்டி போடப்போகிறாள்!" என்று அஞ்சலீனா கத்தியது அக்கரைக் கொயோட்டுக்கும் கேட்டிருக்கும்.

இரவிச்சந்திரனுக்குப் பிரெஞ்சு பாதிதான் பிடிபடும். "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னாள்.

"அப்ப இனி ரெண்டு மடங்கு சாப்பாடு போடவேணும்" என்று பெட்டியைத் திறந்தார்.

"இன்னும் சேர்க்கவே இல்லையப்பா!" என்று அவள் சிரித்தாள். காலையிலிருந்து அடைத்துவைத்த அழுகையும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்தது. "பொறுங்கோ. முதல் அவளின்ர மூச்சு அடங்கட்டும்."

அவர் பெட்டியை மூடினார். சம்பலுக்குப் பக்கத்தில், முதல் தடவையாகப் பயமில்லாமல், பனியில் குந்தி இருந்து அவளுடைய மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார்.