இரண்டு பேருக்குப் போட்ட துண்டு

காலை 6.20. தருமபுரியில் அரூர் வண்டி ஏறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அரூரில் மலை வண்டி பிடித்துச் சித்தேரி போக வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற ஆள் நான். அன்று மொரப்பூர் தாண்டும்வரை செல்போனை எடுப்பதும் பையில் போடுவதுமாகவே இருந்தேன்.

சித்தேரியில் என் மனைவி இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு சேர்ந்து, ஒன்பது வருடம் கிராமச் செவிலியராக இருந்தாள். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. ‘நர்சம்மா வூட்டுக்காரரு’, அவ்வளவுதான். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மலையில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

போன வாரம் அங்கிருந்து செல்வி போன் செய்தார். அவருடைய மகள் என் மனைவி கையில் பிறந்தவள். இப்போது அவளுக்கே குழந்தை. “நர்சம்மாதான் பேரு வெக்கணும், கூட்டிக்கிட்டு வாங்க” என்றார். “சரிங்க” என்று வைத்துவிட்டேன். உண்மையை நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம்.

8.05. அரூர். மலைக்கு வண்டிகள் குறைவு. நிற்பதற்குள் கூட்டம் மொய்த்துவிடும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் என் திறமை என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருந்தது. அவள் மருந்துப் பையோடு நிதானமாக வந்து, “பொழச்சுக்குவீங்க” என்று சிரித்தபடி ஜன்னலோரம் உட்காருவாள். அன்றும் ஓடிப்போய்ப் போட்டேன், முண்டியடித்து ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். ஜன்னலோரத்தில் துண்டை விரித்துவிட்டு, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை.

ரேஷன் அரிசிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றார். “இங்க ஆளு வருதுங்களா?”

“வராங்க” என்றேன்.

துண்டு கிடந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் தொடமாட்டார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பி அடிவாரமும் வந்துவிட்டது. கண்டக்டர் துண்டையும் என்னையும் பார்த்தார்.

“சித்தேரி ஒண்ணா, ரெண்டுங்களா? லேடீஸுக்குக் காசு இல்ல, ஆனா சீட்டு கிழிக்கணும்.”

ரெண்டு என்று நாக்கு நுனிவரை வந்தது.

“ஒண்ணு.”

“அப்ப இந்த எடம்?”

முன்சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சம்சாரத்துக்குப் போட்டேங்க. அவங்க இறந்துட்டாங்க. பழக்கத்துல போட்டுட்டேன்.”

என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவமானத்தில் காது சுட்டது. அந்தப் பெண் துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு வளைவு ஏறிய பிறகு, “அரூர்லயே சொல்லியிருந்தா எனக்குக் காலு வலிச்சிருக்காதுல்லீங்க” என்றார். சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

9.40. சித்தேரி. நிறுத்தத்தில் நின்றிருந்த செல்வி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “நர்சம்மா எங்கீங்க?”

சொன்னேன். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு கோபம் வந்தது.

“அஞ்சு மாசமா எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலீங்களா? அவங்க உங்களுக்கு மட்டுந்தானுங்களா?”

இழப்பு முழுவதையும் எனக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதியம் குழந்தையை என் மடியில் வைத்தார் செல்வி. “நீங்க காதுல பேரு சொல்லுங்க.”

“நான் யாருங்க? சும்மா அவங்ககூட வந்துபோன ஆளு.”

“மழையில அவங்க பையத் தூக்கிக்கிட்டு வந்தது யாருங்க? எனக்கு மறக்கல.”

அவர்கள் முடிவு செய்திருந்த பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னேன். குழந்தை தும்மியது.

3.15. திரும்பும் வண்டி. என்னை முந்திக்கொண்டு ஓடிய செல்வியின் கணவர், துண்டோடு ஜன்னலுக்குள் கைவிட்டபடி திரும்பிப் பார்த்தார்.

“ஒரு எடம் போதுங்களா?”

“போதுங்க.”

அரூர்வரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தேன். ஒன்பது வருடம் போய்வந்த மலையை அங்கிருந்து பார்த்ததே இல்லை. அது எப்போதும் அவள் இடம். சாமைக்காடும் பள்ளமும் நன்றாகத் தெரிந்தன. பார் என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.